மிடில் ரிலீவரைப் பார்க்கப் பழகுவது எப்படி? பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களின் கண் இரண்டு பிட்ச்சர்கள் (பந்தெறிபவர்கள்) மீதுதான் முதலில் விழும். ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர் ஒருவர், ஒன்பதாவது இன்னிங்ஸில் (இரு அணிகளும் மூன்று அவுட் ஆகும்வரை ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்றே இன்னிங்ஸ்; ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) வந்து வெற்றியை முடித்துக் கொடுக்கும் குளோசர் மற்றொருவர். வர்ணனையாளர்களும் மறுநாள் செய்திகளும் இவர்களையே சுற்றி வருவதால், இடையில் வந்து போகிறவர்கள் வெறும் பெயர்களாகவே தங்கிவிடுகிறார்கள். ஆனால் இன்றைய ஸ்டார்ட்டர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸைச் சற்றே தாண்டித்தான் எறிகிறார். குளோசர் எறிவது ஒரே ஒரு இன்னிங்ஸ். மீதி ஏறக்குறைய மூன்று இன்னிங்ஸ், அதாவது ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு, வேறு சிலரின் கையில் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் மிடில் ரிலீவர்கள், அதாவது நடு இன்னிங்ஸ்களில் மாற்றாக வந்து எறிபவர்கள். ஏழாவது இன்னிங்ஸிலேயே கைநழுவிப் போன ஆட்டத்தைக் காப்பாற்ற எந்தக் குளோசராலும் முடியாது என்பதால், இவர்களைக் கவனிக்காமல் பேஸ்பாலைப் பார்ப்பது பாதி ஆட்டத்தைப் பார்ப்பதாகவே ஆகும்.

இவர்களைப் பார்க்கப் பழகுவதற்கு அடிப்படையாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு மிடில் ரிலீவர் களத்துக்குள் வந்தபோது ஆட்டம் எந்த நிலையில் இருந்தது, அவர் வெளியேறியபோது எந்த நிலையில் இருந்தது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் அட்டவணையில் அவருடைய பெயருக்கு எதிரே அச்சாகும் எண்கள் இதைச் சொல்வதில்லை. சில நாள்களில் இதற்கு நேர்மாறாகவும் சொல்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒப்பீட்டைச் சரியாகச் செய்வதற்கானவை.

படி 1: புல்பென்னில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மேஜர் லீக் அணியின் பட்டியலில் பருவத்தின் பெரும்பகுதியில் 26 வீரர்கள் இருப்பார்கள். அவர்களில் 13 பேருக்கு மேல் பிட்ச்சர்கள் இருக்கக் கூடாது. பெரும்பாலான அணிகள் அந்த 13 பேரில் ஐவரை ஸ்டார்ட்டர்களாகவும் எண்மரை ரிலீவர்களாகவும் வைத்துக்கொள்கின்றன. ரிலீவர்கள் காத்திருப்பதற்கும், களமிறங்கும் முன் எறிந்து கையைத் தயார்செய்துகொள்வதற்கும் ஒதுக்கப்பட்ட இடமே புல்பென். அநேக மைதானங்களில் அது வெளிக்களத்துச் சுவருக்கு அப்பால் இருக்கும்.

எண்மரில் ஒருவர் குளோசர். வெற்றி முகத்தில் இருக்கும் ஆட்டங்களில் எட்டாவது இன்னிங்ஸை வழக்கமாக ஏற்பவரை செட்டப் பிட்ச்சர் என்பார்கள். ஸ்டார்ட்டர் தொடக்கத்திலேயே சரிந்துவிட்டால் இரண்டு மூன்று இன்னிங்ஸைத் தாங்கி நிற்பவர் லாங் ரிலீவர். இவர்களுக்கு இடைப்பட்ட நான்கைந்து பேர்தான் மிடில் ரிலீவர்கள். செட்டப் பிட்ச்சரையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பேசுவது உண்டு. எல்லைக்கோடு கறாரானது அல்ல.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு வேறுபாட்டை இங்கே உள்வாங்கிக்கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை இரண்டு ஓவர் வீசச் சொல்லி நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் அழைக்கலாம். பேஸ்பாலில் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்ட வீரர் அன்று திரும்பி வரவே முடியாது. ஆகவே மேனேஜர் ஒவ்வொரு ரிலீவரை அனுப்பும்போதும் தன் கையிருப்பில் ஒன்றை நிரந்தரமாகச் செலவழிக்கிறார். ஆறாவது இன்னிங்ஸில் தன் சிறந்த மிடில் ரிலீவரை இறக்கிவிட்டால், எட்டாவதில் நெருக்கடி வந்தாலும் அவர் கிடைக்க மாட்டார்.

இந்த வேலையின் கடினம் நேரம் தெரியாமல் இருப்பதுதான் என்பது என் கருத்து. குளோசருக்குத் தன் முறை எப்போது வரும் என்று ஏறத்தாழத் தெரியும். பெரும்பாலும் அவர் பேஸ்கள் (ரன் எடுக்க ரன்னர் வரிசையாகத் தொட வேண்டிய நிலைகள்) காலியாக இருக்க, புதிய இன்னிங்ஸின் தொடக்கத்தில் வருகிறார். மிடில் ரிலீவருக்கு அந்த வசதி இல்லை. புல்பென் தொலைபேசி நான்காவது இன்னிங்ஸிலும் ஒலிக்கலாம், எட்டாவதிலும் ஒலிக்கலாம். அவர் எழுந்து எறிந்து தயாராகிவிட்ட பிறகு நெருக்கடி தானாகவே தீர்ந்து, மறுபடி உட்காரச் சொல்லலாம். அப்படித் தயாராகி உட்கார்ந்த முறைகள் எந்தப் பொதுப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை, ஆனால் அந்தப் பந்துகள் அத்தனையும் அவருடைய தோளிலிருந்துதான் போயின.

படி 2: ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து காத்திருங்கள்

ஸ்டார்ட்டரை எப்போது மாற்றுவார்கள் என்பதை ஊகிக்க இரண்டு தடயங்கள் உதவும். ஒன்று, அவர் எறிந்த பந்துகளின் எண்ணிக்கை. அது திரையின் மூலையிலேயே இருக்கும், எண்பதைத் தாண்டியதும் புல்பென்னில் அசைவு தெரியத் தொடங்கும். மற்றொன்று, எதிரணியின் மட்டையாளர்கள் அவரை எத்தனையாவது முறையாகச் சந்திக்கிறார்கள் என்பது. ஒன்பது பேர் கொண்ட வரிசை இரண்டு சுற்று முடிந்து மூன்றாம் சுற்று வரும்போது, அதே பிட்ச்சரை அதே மட்டையாளர்கள் முன்பைவிட நன்றாக அடிக்கிறார்கள். கை களைப்பதும், மட்டையாளர் அந்தப் பந்தின் போக்குக்குப் பழகிவிடுவதும் சேர்ந்தே இதைச் செய்கின்றன. மேனேஜர்கள் இந்த மூன்றாம் சுற்றுக்கு அஞ்சுகிறார்கள். மிடில் ரிலீவருக்கான தேவையே பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

மேஜர் லீக்கின் இறுதிப்போட்டியான உலகத் தொடரில், 2020இன் ஆறாவது ஆட்டத்தில் நடந்தது இதற்குப் பலரும் சுட்டும் நிகழ்வு. டாம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் ஒன்பது ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) எடுத்து, 1–0 என்ற முன்னிலையைக் காத்துக்கொண்டிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டுக்குப் பிறகு ஒருவர் முதல் பேஸை அடைந்தார். அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் முதல் மட்டையாளர் மூக்கி பெட்ஸ் மூன்றாம் முறையாக வரவிருந்தார். மேனேஜர் கெவின் கேஷ் ஸ்னெல்லை எடுத்துவிட்டு நிக் ஆண்டர்சனை அனுப்பினார். பெட்ஸ் இரண்டு பேஸ் அடி அடித்தார். அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை பறிபோனது. டாட்ஜர்ஸ் 3–1 என்று வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டது.

இந்த முடிவைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. புதிதாகப் பார்ப்பவர் இதில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஸ்டார்ட்டரை எடுத்தது சரியா என்பது ஒரு கேள்வி; எடுத்தபின் அனுப்பப்பட்ட ரிலீவர் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தார் என்பது வேறொரு கேள்வி. ஆண்டர்சன் வழக்கமான பருவத்தில் மிகச் சிறப்பாக எறிந்தவர்தான். ஆனால் அந்த அக்டோபரில் அவர் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டிருந்தார். அதற்கு முந்தைய ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார். முதல் கேள்வியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதே முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஒரு ரிலீவரின் பெயரை மட்டும் பார்த்து, அந்த வாரம் அவர் கை எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதைப் பாராமல் மதிப்பிடும் பழக்கத்தை அது உடைக்கிறது.

படி 3: அவர் நுழையும் கணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி என்பதால், தொடக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே ஆட்டம் பாருங்கள். புதிய பிட்ச்சர் புல்பென் கதவைத் திறந்துகொண்டு வரும்போது ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த இன்னிங்ஸ், ஸ்கோர் என்ன, எத்தனை அவுட், எந்தெந்த பேஸில் ரன்னர்கள், அடுத்து வரும் மூன்று மட்டையாளர்கள் யார். அவர் வெளியேறும்போது முதல் நான்கையும் மீண்டும் எழுதுங்கள்.

2017 அக்டோபர் 3 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் நியூயார்க் யாங்கீஸும் மினசோட்டா ட்வின்ஸும் மோதிய வைல்ட் கார்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டிய ஒற்றை ஆட்டம் அது. யாங்கீஸின் ஸ்டார்ட்டர் லூயிஸ் செவெரினோ அந்தப் பருவத்தில் லீக்கின் தலைசிறந்த பிட்ச்சர்களில் ஒருவர். ஆனால் ட்வின்ஸின் முதல் மட்டையாளர் பிரையன் டோசியர் ஹோம் ரன்னோடு (பந்தை வெளிக்களச் சுவருக்கு அப்பால் அடிப்பது) தொடங்கினார். எடி ரொசாரியோ இரண்டு ரன் தரும் ஹோம் ரன் அடித்தார். ஒரே ஒரு அவுட் எடுத்த நிலையில் 0–3 என்று பின்தங்கி, இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் ரன்னர்களை நிறுத்திவிட்டு செவெரினோ வெளியேற நேர்ந்தது.

உள்ளே வந்தவர் சாட் கிரீன். நோட்டில் எழுத வேண்டியது: முதல் இன்னிங்ஸ், 0–3, ஒரு அவுட், இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் ஆள். ஒரு சாதாரண அடி விழுந்தால் ஸ்கோர் 0–5 ஆகும். தரையில் உருண்டு போகும் பந்தில்கூட மூன்றாம் பேஸில் நிற்பவர் ஓடிவந்துவிடலாம். அந்த நிலையில் வேண்டியது ஸ்ட்ரைக்அவுட் மட்டுமே. கிரீன் அடுத்தடுத்து இருவரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ஸ்கோர் 0–3 என்றே நின்றது. அதன் பிறகு யாங்கீஸ் மட்டை பிடித்தபோது டிடி கிரெகோரியஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அன்று இரவு எல்லோரும் பேசியது கிரெகோரியஸின் அடியைப் பற்றி. ஐந்து ரன் பள்ளத்திலிருந்து அதே அடி சமன் செய்திருக்காது என்பதைக் கவனித்தவர்கள் கிரீனைப் பற்றியும் பேசினார்கள்.

மூன்றாவது இன்னிங்ஸில் கிரீன் ஒரு அவுட் எடுத்து, மூன்று பேஸ்களையும் நிரப்பிவிட்டுச் சென்றார். டேவிட் ராபர்ட்சன் வந்தார். அப்போது யாங்கீஸ் 4–3 என்று முன்னிலையில் இருந்தது; ஒரு தரை அடியில் ஒரு ரன் வந்து ஸ்கோர் 4–4 ஆனது. அடுத்தவரை ஸ்ட்ரைக்அவுட் செய்து ராபர்ட்சன் இன்னிங்ஸை முடித்தார். விதிப்படி அந்த ரன் கிரீனின் கணக்கில்தான் ஏறும், ஏனெனில் ஓடிவந்தவரை பேஸில் விட்டுச் சென்றவர் அவர். ராபர்ட்சன் மூன்று இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் எறிந்தார்; வழக்கமாக ஒரு இன்னிங்ஸுடன் நின்றுவிடும் ஒருவருக்கு அது மிக நீண்ட இரவு. அவருக்குப் பின் டாமி கான்லி இரண்டு இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் எடுத்து, ஒன்பதாவதில் ஆரோல்டிஸ் சாப்மன் முடித்தார். யாங்கீஸ் 8–4 என்று வென்றது. 27 அவுட்டுகளில் 26 அவுட்டுகளை எடுத்தவர்கள் ரிலீவர்கள். அவர்கள் கொடுத்தது ஒரே ரன். மிடில் ரிலீஃப் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான்.

படி 4: மூன்று மட்டையாளர்களையும் உற்றுப் பாருங்கள்

2020 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, களமிறங்கும் பிட்ச்சர் குறைந்தது மூன்று மட்டையாளர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடித்துவைக்க வேண்டும். காயமோ உடல்நலக் குறைவோ ஏற்பட்டால் மட்டும் விலக்கு. அதற்கு முன்பு, இடக்கை மட்டையாளர் ஒருவரை மட்டும் வீழ்த்துவதற்காக இடக்கைப் பிட்ச்சர் ஒருவர் வந்து, சில பந்துகளிலேயே வேலையை முடித்துவிட்டுப் போவார். 1979 முதல் 2003 வரை ஆடிய ஜெஸ்ஸி ஒரோஸ்கோ 1,252 ஆட்டங்களில் எறிந்தார். எந்தப் பிட்ச்சரும் அதற்கு மேல் எறிந்ததில்லை. தொடக்கத்தில் குளோசராக இருந்த அவருடைய பிற்காலம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு வேலைகளில்தான் கழிந்தது. இன்று அந்த வேலை இல்லை. ஆகவே முதல் மட்டையாளருக்குப் பொருத்தமானவரா என்று மட்டும் பார்க்காமல், மூன்றாமவரையும் இவரால் சமாளிக்க முடியுமா என்று மேனேஜர் யோசித்திருப்பார். நீங்களும் அப்படியே யோசித்துப் பாருங்கள்.

ஸ்டார்ட்டர் ஒரே மட்டையாளரை இரண்டு மூன்று முறை சந்திப்பதால் அவருக்கு நான்கைந்து வகைப் பந்துகள் தேவைப்படுகின்றன. ரிலீவர் ஒருவரை ஒருமுறைதான் சந்திக்கிறார். இரண்டு வகைப் பந்துகள் நன்றாக இருந்தாலே போதும். வேகப்பந்து ஒன்று, அதே கையசைவில் புறப்பட்டுக் கடைசி நேரத்தில் விலகும் ஸ்லைடரோ சட்டென்று கீழிறங்கும் ஸ்ப்ளிட்டரோ ஒன்று. முதல் ஐந்தாறு பந்துகளிலேயே அவரிடம் இருப்பது எவை என்று பிடிபட்டுவிடும். பிறகு சூழ்நிலைக்குத் தகுந்த ஆயுதம் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பேஸில் ஒருவர், ஒரு அவுட் என்றால், ஒரு தரை அடி டபுள் பிளேயாக (ஒரே அடியில் இரண்டு அவுட்) மாறி இன்னிங்ஸையே முடித்துவிடும். அப்போது தாழ்வாக இறங்கும் சிங்கர் எறிபவர் வந்தால், கேட்சரின் கையுறை மட்டையாளரின் முழங்கால் உயரத்திலேயே இருக்கும். பந்து அந்த உயரத்தில் விழுகிறதா, தப்பித் தொடை உயரத்துக்கு ஏறுகிறதா என்பதைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். மூன்றாம் பேஸில் ஆள், ஒரு அவுட் என்றால், உயரப் பறந்து வெளிக்களத்தில் பிடிபடும் பந்துகூட ஒரு ரன்னைக் கொடுத்துவிடும். அப்போது அணிக்கு வேண்டியது மட்டையில் படாத பந்து, ஆகவே ஸ்ட்ரைக்அவுட் எடுப்பவரே வர வேண்டும். பேஸ்கள் காலியாக இருக்கும்போது வருபவரிடம் எதிர்பார்க்க வேண்டியது முதல் பந்தையே ஸ்ட்ரைக்காக எறிவது. நான்கு ‘பால்’ (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்து) எறிந்து வாக் கொடுத்து ஒருவரை இலவசமாக அனுப்புவது ரிலீவர் செய்யும் தவறுகளில் மிக விலை கூடியது.

2023இல் வந்த எறிகடிகாரத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள். பேஸ்கள் காலியாக இருந்தால் 15 விநாடிக்குள் எறியத் தொடங்க வேண்டும். ரன்னர் இருந்தால் முதல் ஆண்டில் 20 விநாடி தந்தார்கள், 2024 முதல் 18 விநாடி. ரன்னரை மிரட்டி பேஸை நோக்கி எறிவதும் மேட்டிலிருந்து காலை எடுப்பதும் ஒரு மட்டையாளருக்கு இரண்டு முறைதான். மூன்றாம் முறை முயன்று ரன்னரை அவுட் ஆக்காவிட்டால் ரன்னர்கள் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். முன்னவர் விட்டுச்சென்ற நெருக்கடிக்குள் நுழைபவருக்கு முன்பெல்லாம் மூச்சுவாங்கி நிதானிக்க இடம் இருந்தது. இப்போது அந்த இடம் சுருங்கிவிட்டது.

படி 5: எண்களைப் படிக்கும்போது எச்சரிக்கையாக இருங்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பது ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஒரு பிட்ச்சர் கொடுக்கும் ரன்கள் (களத்தடுப்புப் பிழைகளால் வந்தவை நீங்கலாக). மிடில் ரிலீவருக்கு இது இரண்டு வகைகளில் பொருந்தாமல் போகிறது. முதலாவது, அவர் ஒரு பருவத்தில் எறிவது அறுபது எழுபது இன்னிங்ஸ்தான். 60 இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்தவரின் ஈ.ஆர்.ஏ. 3.00. அவர் ஒரே ஒரு இரவு ஒரு அவுட் மட்டும் எடுத்து ஐந்து ரன் கொடுத்துவிட்டால் அது 3.73 ஆகிவிடும். ஒரு கெட்ட இரவு ஆறு மாத உழைப்பை மறைத்துவிடுகிறது. இரண்டாவது, முன்னவர் விட்டுச்சென்ற ரன்னர்களை இவர் ஓடவிட்டால் அந்த ரன் முன்னவர் கணக்கில் ஏறுகிறது. இவர் அவர்களை அப்படியே நிறுத்திவைத்தால் அந்தப் பெருமையும் முன்னவரின் ஈ.ஆர்.ஏ.வுக்கே போகிறது. ஆகவே விட்டுச்செல்லப்பட்ட ரன்னர்களில் எத்தனை பேரை ஓடவிட்டார் என்ற எண்ணைத் தனியே தேடிப் பாருங்கள். லீக் அளவில் சுமார் மூன்றில் ஒருவர் ஓடிவிடுகிறார். அதைவிடக் குறைவாக வைத்திருப்பவர் தன் சக பிட்ச்சர்களுக்குப் பெரிய உதவி செய்கிறார்.

சேவ், அதாவது சிறிய முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்த ரிலீவருக்குத் தரும் கணக்கு, 1969இல் அதிகாரபூர்வமான புள்ளிவிவரமானது. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் வகுத்த கருத்து அது. ஆட்டத்தை முடித்துவைப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும் என்பதால் மிடில் ரிலீவருக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையைப் போக்கவே 1986இல் ஹோல்ட் என்ற கணக்கு உருவானது: சேவுக்குரிய சூழ்நிலையில் வந்து, குறைந்தது ஒரு அவுட்டாவது எடுத்து, முன்னிலையை இழக்காமல் அடுத்தவரிடம் ஒப்படைத்தால் ஒரு ஹோல்ட். நல்ல முயற்சிதான், ஆனால் முழுமையானது அல்ல. அணி ஒரு ரன் பின்தங்கியிருக்கும்போது வந்து இரண்டு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காமல் எறிபவருக்கு ஹோல்டும் இல்லை, சேவும் இல்லை. சாட் கிரீன் 2017இல் அந்த முதல் இன்னிங்ஸில் செய்ததற்கும் ஒன்றும் இல்லை.

இதைவிட அநீதியானது தவறவிட்ட சேவ் என்ற கணக்கு. ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை, ஒரு அவுட், மூன்றாம் பேஸில் ஆள் என்ற நிலையில் வரும் மிடில் ரிலீவர், உயரப் பறந்து பிடிபடும் ஒரு பந்தால் அந்த ரன்னைக் கொடுத்துவிட்டால், ரன் முன்னவர் கணக்கிலும் தவறவிட்ட சேவ் இவர் கணக்கிலும் ஏறும். சேவ் பெறும் வாய்ப்பே ஏறத்தாழ இல்லாதவருக்கு அதைத் தவறவிட்ட பழி மட்டும் கிடைக்கிறது. எனவே சேவ் விகிதத்தை வைத்து மிடில் ரிலீவரை எடைபோடும் எந்தப் பட்டியலையும் நம்பாதீர்கள்.

நம்பத் தகுந்தவை இரண்டு. ஒன்று, சந்தித்த மட்டையாளர்களில் எத்தனை சதவீதத்தினரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், எத்தனை சதவீதத்தினருக்கு வாக் கொடுத்தார் என்பது. நான்கில் ஒருவருக்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் செய்து, பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வாக் கொடுப்பவர் நல்ல ரிலீவர். மற்றொன்று லெவரேஜ் இண்டெக்ஸ். அவர் வந்த தருணம் ஆட்டத்தின் முடிவை எவ்வளவு அசைக்கக் கூடியது என்பதை அது அளக்கிறது. சராசரித் தருணம் 1. பருவம் முழுக்க 1.5க்கு அருகில் இருப்பவரை மேனேஜர் நெருக்கடிகளில் நம்புகிறார் என்று பொருள், 0.6 என்றால் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களிலேயே அவரை அனுப்புகிறார் என்று பொருள். ஒருவரின் லெவரேஜ் எண் மாதத்துக்கு மாதம் ஏறுவதைப் பார்ப்பது, ஒரு இளம் ரிலீவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைச் சம்பாதிப்பதைப் பார்ப்பதாகும். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்தமான கதை அதுதான்.

1996இல் யாங்கீஸின் மாரியானோ ரிவேரா அப்படி ஏறியவர். குளோசர் அப்போது ஜான் வெட்டலண்ட். அவருக்கு முந்தைய இன்னிங்ஸ்களை ரிவேரா எடுத்துக்கொண்டார், பல நாள்களில் இரண்டு இன்னிங்ஸாக. மொத்தம் 107 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், 130 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 2.09. அவருக்குப் பின்னாளில் புகழ் தந்த கட்டர் பந்து அப்போது அவரிடம் இல்லை. உயரத்தில் வரும் வேகப்பந்தை வைத்தே இத்தனையும் செய்தார். லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். குளோசராக ஆனபின் அவர் குவித்த சாதனைகளைவிட அந்த ஓர் ஆண்டே அணிக்கு மிகுந்த பயன் தந்தது என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனாலும் பேஸ்பாலின் மாபெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் ரிலீவர்களில் நடு இன்னிங்ஸ் வேலைக்காகவே தேர்வானவர் ஒருவரும் இல்லை. மேலே சொன்ன ஒரோஸ்கோ முதல் வாக்கெடுப்பிலேயே பட்டியலிலிருந்து நீங்கினார்.

படி 6: ஒரே அணியின் புல்பென்னை ஒரு பருவம் முழுக்கத் தொடருங்கள்

30 அணிகளையும் பார்க்க முயலாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆட்டம் தொடங்கும் முன் அதன் கடந்த மூன்று நாள்களின் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) எடுத்துப் பாருங்கள். நேற்றும் முன்தினமும் எறிந்தவர் இன்று வருவது ஐயமே. நேற்று முப்பது பந்துக்கு மேல் எறிந்தவரும் அப்படியே. அவர்களைக் கழித்துவிட்டால் இன்று மேனேஜர் கையில் யார் மிச்சம் என்று உங்களுக்கே தெரியும். ஏழாவது இன்னிங்ஸில் ஏன் இன்னாரை அனுப்பவில்லை என்று மற்றவர்கள் கோபிக்கும்போது அதற்கான விடை உங்கள் கையில் இருக்கும்.

அணி 2–9 என்று தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தையும் அணைத்துவிடாதீர்கள். அப்போது வரும் லாங் ரிலீவர் மூன்று இன்னிங்ஸைத் தனியாகத் தாங்கினால், மற்ற ரிலீவர்கள் ஓய்வெடுத்து மறுநாள் வருகிறார்கள். அவருக்கோ பரிசு பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். களைத்த கைக்குப் பதில் புதிய கை தேவை என்று மறுநாளே அவரை மேஜர் லீக்குக்கு அடுத்த கீழ்நிலையான டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்த விதிகள் அனுமதிக்கும் இளம் பிட்ச்சர்கள் இப்படி ஒரே பருவத்தில் மேலும் கீழுமாக அலைகிறார்கள். 2022 முதல் ஒருவரைப் பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் கீழே அனுப்பக் கூடாது என்று வரம்பு வைக்க வேண்டியிருந்ததே அந்த அலைச்சலின் அளவைக் காட்டுகிறது.

படி 7: அக்டோபரில் நடு இன்னிங்ஸ்களை விடாமல் பாருங்கள்

வழக்கமான பருவம் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிந்தைய சுற்றுகளில் ஓய்வுநாள்கள் கூடுவதால் மேனேஜர்கள் தங்கள் சிறந்த ரிலீவர்களை முன்னதாகவே இறக்குகிறார்கள். 2014இலும் 2015இலும் அடுத்தடுத்து உலகத் தொடருக்குப் போய், இரண்டாம் முறை வென்ற கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் அடித்தளம் அதன் புல்பென்தான். 2014இல் ஏழாவது இன்னிங்ஸ் கெல்வின் ஹெரேரா, எட்டாவது வேட் டேவிஸ், ஒன்பதாவது கிரெக் ஹாலண்ட் என்று அமைந்தது; அந்தப் பருவத்தில் டேவிஸின் ஈ.ஆர்.ஏ. 1.00. ஆறு இன்னிங்ஸ் முடிவில் ராயல்ஸ் முன்னிலையில் இருந்தால் எதிரணிக்கு நம்பிக்கை வற்றிவிடும்.

2016இல் கிளீவ்லாந்தின் மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா இன்னும் துணிந்தார். ஜூலை முடிவில் யாங்கீஸிடமிருந்து வாங்கிய ஆண்ட்ரூ மில்லரை, பாஸ்டனுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்திலேயே ஐந்தாவது இன்னிங்ஸில் அனுப்பினார். அடுத்த சுற்றில் டொராண்டோவுக்கு எதிராக மில்லர் ஏழு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும் எறிந்து, ஒரு ரன்னும் கொடுக்காமல் 14 ஸ்ட்ரைக்அவுட் எடுத்துத் தொடரின் மதிப்புமிக்க வீரரானார். ஆட்டம் எங்கே முறியப் போகிறதோ அங்கே சிறந்தவரை அனுப்ப வேண்டும், அது ஒன்பதாவது இன்னிங்ஸாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எந்தத் தொடரும் காட்டியதில்லை.

2014 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவின் மேடிசன் பம்கார்னர் கடைசி ஐந்து இன்னிங்ஸை எறிந்து முடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் டிம் ஹட்சன் இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியேறிய பிறகு, பம்கார்னர் வரும்வரை இரண்டு இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் ரன் கொடுக்காமல் காத்தவர் ஜெரமி அஃபெல்ட். வெற்றி முதலில் பம்கார்னர் பெயரில் பதிவாகி, பின்னர் திருத்தப்பட்டு அஃபெல்டுக்கு வழங்கப்பட்டது.

வழக்கமான பருவத்தில் கூடுதல் இன்னிங்ஸ்கள் இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரை நிறுத்தித் தொடங்குவதால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பிந்தைய சுற்றுகளில் அந்த ஏற்பாடு கிடையாது. அதனால்தான் 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை நீண்டது. டாட்ஜர்ஸின் புல்பென்னில் கடைசியாக மிச்சமிருந்த ரிலீவர் வில் கிளைன் நான்கு இன்னிங்ஸ், 72 பந்துகள் எறிந்து, டொராண்டோவுக்கு ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. ஃபிரெடி ஃபிரீமனின் ஹோம் ரன் 6–5 என்று ஆட்டத்தை முடித்தபோது வெற்றி கிளைன் பெயரில் பதிவானது. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன் இரு அணிகளும் தங்கள் 26 பேரை அறிவிக்கும். அந்தப் பட்டியலில் உங்களுக்கு அறிமுகமில்லாத ரிலீவர்கள் இருவரையோ மூவரையோ குறித்துக்கொண்டு, அவர்கள் எந்தக் கையால் எறிகிறார்கள், எந்த இரண்டு பந்துகளை நம்பியிருக்கிறார்கள், கடைசியாக எப்போது, எத்தனை பந்து எறிந்தார்கள் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.